ஒலிபெருக்கியில் ஒரு ‘சரிம்மா’

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனதும் மனிதர்களுக்கு ஒரு வியாதி வரும். யாரைப் பார்த்தாலும் அறிவுரை சொல்லத் தோன்றும். எனக்கு அது முற்றிய நிலையிலேயே வந்தது. கோயம்புத்தூரில் தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் டிசைன் என்ஜினியராக இருந்தேன். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். (இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தில் நான் யாரிடமும் விடைபெற்றதில்லை.)

குற்றாலச் சீசனுக்கு லீவு போட்டுத் தென்காசி வந்திருந்தபோது, எனக்குக் கணக்கு எடுத்த செல்வி டீச்சர் போன் செய்தார்.

“பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேல என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம்னு கொஞ்ச நேரம் பேசுதியாட்டி?”

அவர் கேட்டு முடிக்குமுன் ஒப்புக்கொண்டேன். பேசப்போகும் அதே நாள் சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருவேங்கடம் ஊர்க்காரர்கள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, குளித்த மாதிரியும் ஆச்சு, பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று ஒரே வேனில் கிளம்பியிருந்தார்கள். (இதில் எது முதல் வேலை என்று நான் விசாரிக்கவில்லை.)

பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. வெளியே சாரல். நல்ல பம்பு ஓடுகிற சத்தத்தையும் கெட்டுப்போன பம்பின் சத்தத்தையும் போட்டுக்காட்டி, பிள்ளைகளை அசத்துவதாகத் திட்டம். அதற்காக என் போனைப் பள்ளியின் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்தேன்.

“உங்க வேலைய நீங்கதான் முடிவு பண்ணணும். அம்மா அப்பா இல்ல, நாளைக்கு வரப்போறவரும் இல்ல. முடியாதுன்னு சொல்லப் பழகுங்க” என்று கையை ஓங்கினேன். கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது. அந்தப் பெருமிதத்தோடு, இப்போது பம்பின் சத்தத்தைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன்.

அது அடித்தது. துண்டிக்கத்தான் நினைத்தேன். பதற்றத்தில் விரல் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டது. ஹாலின் நான்கு மூலையிலிருந்தும் என் அம்மா பேசினாள்.

“ஏட்டி, எங்கன போய்த் தொலஞ்ச? அவுக ஐந்தருவியில குளிச்சிட்டு நாலு மணிக்கு வாராவளாம். வேலைய விட மாட்டேன், கிட மாட்டேன்னு வாயத் தொறந்துராத, என்னா? கேட்டா, அப்பா சொல்லுதபடின்னு சொல்லு. மத்தத பொறவு பாத்துக்கிடலாம்.”

அப்போதாவது போனை அணைத்திருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய வாய் அல்லவா, என்னைக் கேட்காமலே மைக்கில் சொன்னது:

“சரிம்மா.”

அன்று நான் பேசியதிலேயே தெளிவாகக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். ஹால் அதிரச் சிரித்தது. செல்வி டீச்சர் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “அக்கா, ஒரு டவுட்டு.”

பம்பைப் பற்றி இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டினேன்.

“வேலைய விட்டுருவியளா?”

“விட மாட்டேன்.”

“பொறவு ஏன் சரின்னு சொன்னிய?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “எங்க வீட்லயும் பிளஸ் டூ போதும்னுதான் சொல்லுதாவ. நானும் சரின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க வேற ஏதும் வழி சொல்லுவியன்னு பாத்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எழுதி மனப்பாடம் செய்திருந்த தாளை மடித்து வைத்தேன்.

“எனக்கும் இன்னும் சொல்ல வரல. இன்னைக்கு நாலு மணிக்குச் சொல்லிப் பாக்கேன்” என்றேன்.

அதன் பிறகு நடந்தது வழிகாட்டுதல்தான். ஆனால் வழிகாட்டியவர்கள் அவர்கள். “காபி குடுக்க முந்தியே சொல்லிருங்கக்கா.” “சண்ட போடாம சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க.” “அழுதுராதிய, அழுதா கதைய முடிச்சிருவாவ.” வீட்டில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்லலாம், அருகில் என்ன படிப்பு இருக்கிறது, விடுதி எங்கே என்று மணி அடிக்கும்வரை எல்லோருமாகப் பேசித் தீர்த்தோம். பம்பை நாங்கள் மறந்தே போனோம்.

நாலு மணிக்கு ஈரத் தலையோடு வந்து இறங்கினார்கள். பஜ்ஜி வேகமாகக் காலியானது. நான் காபித் தட்டோடு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்குப் போணும்னு இருக்காம்மா?” என்று கேட்டார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காபி ஆறியிருக்கும்.

“ஆமா அத்தை. வேலைய விட மாட்டேன்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் மைக்கில் பேசிய நினைப்பு போகவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் துண்டால் தலையைத் துவட்டியபடி, “பம்பு கம்பெனின்னுல்லா சொன்னாவ. எங்க போர்ல மோட்டார் அடிக்கடி எரிஞ்சு போவுது. அது ஏம்மா?” என்றார்.

எவ்வளவு ஆழம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கரண்ட் எப்படி வருகிறது என்று கேட்டேன். செய்தித்தாள் ஓரத்தில் படம் வரைந்து காட்டினேன். தண்ணீர் வற்றினால் மோட்டார் தானாக நிற்க ஒரு கருவி மாட்டச் சொன்னேன். மாப்பிள்ளை மிச்சமிருந்த பஜ்ஜியைப் பொறுமையாகத் தின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். தான் வேலை பார்க்கும் துபாய்க்குக் கூடவே வரும் பெண்தான் வேண்டும் என்றார். இரண்டாவது முறை ‘முடியாது’ சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மோட்டார் மட்டும் அதற்குப் பிறகு எரியவில்லையாம். அந்த மாமா இன்றும் மோட்டாரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் செய்கிறார். இரட்டைச் சடைப் பிள்ளை வீட்டில் சிரித்துக்கொண்டே சண்டை போட்டு, பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்துவிட்டாள் என்று செல்வி டீச்சர் சொன்னார். எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. இப்போது எங்கள் பிரிவில் எனக்குக் கீழே நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்ல ஆரம்பித்தாள். இன்றும் எனக்குப் போன் செய்தால் அவளுடைய முதல் கேள்வி, “ஏட்டி, வீட்ல இருக்கியா, மைக்குல இருக்கியா?” என்பதுதான்.

மைக்கில்தான் என்று நான் சொன்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு, “நலமாக இருக்கிறாயா மகளே?” என்பாள்.