இருக்கிற இடம் தெரியாத விருந்தாளி

“ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டில் நான் இருக்கிற இடமே உங்களுக்குத் தெரியாது” என்று 1979 ஜூன் மாதத்தில், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வந்து இறங்கியதும் வேப்பேரி பாக்கியநாதன் அறிவித்தார். அதைக் கேட்க நாற்பது பேர் கூடியிருந்தார்கள்.

வாசகர்களே, இவர் ஓராண்டுத் தொண்டர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். பி.எஸ்ஸி. பரீட்சை முடிந்த பிறகு, வேலைக்கு மனுப் போடுவதற்கு முன்பாக, வாழ்க்கையில் ஒரு வருஷத்தைக் கடவுளுக்கென்று எடுத்து வைத்து, அதை ஏதாவது ஓர் ஏழை வீட்டில் அந்த வீட்டாரைப் போலவே உண்டு, உடுத்து, உறங்கிக் கழிப்பது என்று தீர்மானித்துக்கொள்கிற இனம். எல்லா மதத்திலும் உண்டு. ஏழை வீட்டுக்கு வேண்டுமா என்றுதான் யாரும் யோசிப்பதில்லை.

பாக்கியநாதனுக்கு வாய்த்தது தாமோதரன் வீடு. தாமோதரனுக்கு அங்காளம்மனைத்தான் தெரியும். இருந்தாலும் பாதிரியார் நேரில் வந்து கேட்டபோது, சாமி விஷயத்துக்கு வேண்டாம் என்று சொன்னால் நன்றாயிருக்காது என்று ஒப்புக்கொண்டார்.

கட்டில் வேண்டாம், தரையே போதும் என்றார் தொண்டர். விருந்தாளி தரையில் கிடக்கும்போது வீட்டுக்காரர் கட்டிலில் கால் நீட்டுவது எப்படி? தாமோதரனும் தரைக்கு வந்தார், அவருடைய இடுப்புவலியும் கூடவே வந்தது. வீட்டில் இருந்த ஒரே கட்டில் அந்த வருஷம் முழுவதும் சும்மா நின்றது. தனக்கென்று தனியாகச் சமைக்கக் கூடாது என்றார். மூன்றாம் நாள் மீன் குழம்பு அவர் வயிற்றைப் புரட்டியது. அன்றிலிருந்து தாமோதரன் மனைவி அங்காளம்மாள் தனியாகக் கஞ்சி காய்ச்சினாள். தண்ணீர் சுமப்பேன் என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார். அரைக் குடத்தோடு வந்து சேர்வார். மீதியை அவள் போய் எடுத்து வருவாள்.

இதெல்லாம் போகட்டும். ஏரியில் இறால் பிடிக்க முறை உண்டு. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் முறை வந்த நாளில், முகத்துவாரத்துப் பக்கம் நீர் வடியத் தொடங்கும்போது நீங்கள் வலையோடு அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறைதான். அந்த வருஷம் மழைக்கு முன்னால் தாமோதரனுக்கு இரண்டே முறை. அந்த இறாலை நம்பித்தான் ஓட்டைக் கூரையை மாற்ற இருந்தார்.

முதல் முறை நாளன்று படகைத் தள்ளப் போகிற நேரத்தில் தொண்டர் ஒரே ஒரு நிமிஷம் கேட்டார். ஜெபம் தொடங்கியது. படகுக்காக, வலைக்காக, வலையின் ஒவ்வொரு கயிற்றுக்காக, தாமோதரனின் இடுப்புக்காக, மத்திய சர்க்காருக்காக, வேப்பேரி பாடகர் குழுவுக்காக என்று அது போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரில் இறங்கப் போகிறவன் எந்தச் சாமியின் பூசையையும் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். தாமோதரனும் கூட்டாளிகள் மூவருமாக நான்கு ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆமென் வந்தபோது நீர் வடிந்து முடிந்திருந்தது. ஒரு கூடை நண்டோடு திரும்பினார்கள்.

தாமோதரன் வலையைக் காயப் போடப் போனார். அங்காளம்மாள்தான் கஞ்சியை வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“தம்பி, சாமி கும்புட்றத நான் கொற சொல்லல.”

“சொல்லுங்க அக்கா.”

“சாமி எத்தினி நாழி வோணும்னாலும் நிக்கும். தண்ணி நிக்காது. அதான்.”

தொண்டர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு முடிவதற்குள் அடுப்பில் சோறு தீய்ந்தது. அடுத்த முறை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று கடைசியில் வாக்குக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன கோடை விடுமுறையில் சித்தப்பா வீட்டுக்குப் போய், “எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம், ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகிறேன்” என்று சொன்னது யார்? நீங்கள் இருந்த அந்த ஓரம் எங்கே இருந்தது என்று சித்தியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். நேரில் வேண்டாம். கார்டு போட்டால் போதும்.

இரண்டாம் முறை நாள் வந்தது. விடியுமுன் வீடே எழுந்தது. தொண்டர் விழித்துக்கொள்ளக் கூடாதென்று விளக்கு ஏற்றவில்லை. பிள்ளைகளுக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்கள், இருமல்கூட வரக் கூடாதென்று. தாமோதரன் துடுப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அங்காளம்மாள் தூக்குச்சட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். கூட்டாளிகள் மூவரோடு எல்லோரும் நுனிக்காலில் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

படகின் நடுவில், வலைக்கு மேல், பாக்கியநாதன் மண்டியிட்டு, கை குவித்து, கண் மூடி இருந்தார்.

“இன்னாம்மே இது” என்றார் தாமோதரன், மூச்சுக் காற்றில்.

“வாயத் தொறக்கலியே” என்றாள் அவள். “சொன்ன சொல்லக் காப்பாத்துது புள்ள.”

நால்வரும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். தொண்டரின் உதடுகூட அசையவில்லை. முகத்துவாரத்துப் பக்கம் நீர் வடியத் தொடங்கியது.