அசைந்தால் எரியும்

பாஸ்கரன் மாஷ் பத்திரிகைத் தலையங்கத்தைப் பாதி படித்திருந்தபோது வாசிப்பு அறை மங்கியது.

நூலகர் சதீதேவி மேலே பார்த்தாள். கூரை முழுக்கப் பால்வெள்ளைக் கண்ணாடி. விளக்குகள் அதற்கு மேலே, சுவிட்சே கிடையாது, ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும் என்று வயர் இழுத்த ஷிஜு போன வாரம் சொல்லியிருந்தான். கொஞ்சம் வேலை பாக்கி, திங்களன்று வருகிறேன் என்றும்.

இன்று திங்கள். புதுக் கட்டடத்தைத் திறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பசுமைச் சான்றிதழ் தரும் அதிகாரி பதினொன்றுக்கு வருகிறார். சான்றிதழ் இல்லையென்றால் ஜன்னல்களை அடைத்து ஏசி; அதற்கு ஜெனரேட்டர்; அதை வைக்க இடம் வேண்டிப் பின்புறத்துப் பலாமரத்தை வெட்டுவது. நூலகக் கமிட்டி தீர்மானமே போட்டுவிட்டது. அந்த மரத்துக்காகச் சதீதேவி இரண்டு வருடம் சண்டை போட்டிருந்தாள்.

"மாஷே, கொஞ்சம் அசைஞ்சு படிங்க."

"முப்பது வருஷம் பிள்ளைங்கள அசையாம உக்காரச் சொன்னவன் நான். என்கிட்டயா?"

ஆனாலும் கையை ஆட்டினார். அறை வெளுத்தது.

ஐந்து நிமிடத்தில் மறுபடி மங்கல். எல்லோரையும் தாள்களை அடிக்கடி மாற்றிக்கொள்ளச் சொன்னாள். விளையாட்டுப் பக்கம் யாருக்கு என்பதில் இரண்டு பேர் எழுந்து நின்று சண்டை போட்டார்கள். வெளிச்சம் பிரமாதமாக வந்தது. சமாதானமானார்கள். போய்விட்டது.

"அவங்கள அப்படியே விட்டிருக்கலாம்," என்றார் கமிட்டிச் செயலாளர் ராஜப்பன்.

ஓணத்துக்காக முற்றத்தில் கைகொட்டிக் களி பழகிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களை உள்ளே கூப்பிட்டாள். அவர்கள் புத்தக அலமாரிகளைச் சுற்றிவந்து கைதட்டி ஆடினார்கள். அறை தகதகத்தது. அந்த நேரத்தில் அதிகாரி வந்தார்.

ஆடுகிறவர்களைச் சுற்றிக்கொண்டு போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்றிருந்தது. ஜன்னலோரம், பலாமரத்துக் காற்றில், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார். வெளிச்சம் அளக்கும் கருவியை மேசைமேல் வைத்து எழுதினார். வெளியே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அறை மங்கியது. பெண்கள் வேகமாகத் தட்டினார்கள். பலனில்லை. வெளியே மேகம் கூடித் தூறல் விழத் தொடங்கியது.

சதீதேவி அவர் எதிரில் போய் நின்றாள்.

"சாரே, அந்த விளக்குல ஏதோ கோளாறு. அதுக்காக மரத்த வெட்ட வச்சிராதீங்க."

அதிகாரி கருவியை மறுபடி பார்த்தார்.

"கோளாறா? இந்த மங்கல்லகூட தாராளமா படிக்கலாம். மீட்டர் இம்மிகூட நகரல. இருபது வருஷமா கட்டடம் பாக்கிறேன், இப்படி ஒரு விளக்க நான் பாத்ததில்ல. எந்தக் கம்பெனி?"

வாசலில் ஷிஜு நனைந்துபோய் நின்றான்.

"சேச்சி, ஆட்டோ நிக்குது. விளக்கெல்லாம் இப்பத்தான் வந்துச்சு, பெட்டிய எங்க இறக்கட்டும்?"