உண்டியல் வரைக்கும் அருள்

1946ஆம் ஆண்டு பெரம்பலூருக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் தெய்வம் ஒன்று கடை திறந்தது. பெயர் கால்கொடுத்த சாமி. நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறாராம். ரஞ்சன்குடியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வண்டிகள் குவிந்தன. இழுத்து வந்த மாடுகளுக்கும் கால் வலிதான். அவற்றைச் சாமி கண்டுகொள்ளவில்லை.

வைத்தியம் எளிது. வெட்டிவேர்த் தட்டி கட்டிய பந்தல்; மணலில் ஓயாமல் தண்ணீர் தெளிப்பார்கள். நோயாளி காலையிலிருந்து அங்கே படுத்திருக்க வேண்டும். உச்சிவேளையில் சாமி வந்து திருநீறு பூசி, "நட" என்பார். பலர் நடந்தார்கள், உண்டியல் வரை. உண்டியல் வந்ததும் சாமி "போதும்" என்று கை காட்டுவார். நடந்தவர் ஊன்றுகோலைக் காணிக்கையாகப் போட்டுவிட வேண்டும். பிறகு சீடர்கள் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றுவார்கள். குணமானவரை எதற்குத் தூக்க வேண்டும்? கேட்க ஆளில்லை. கோல்களின் குவியல்தான் பந்தல் உயரத்துக்கு வளர்ந்தது.

வாலிகண்டபுரத்து உண்ணாமலையும் அப்படிக் கோலைப் போட்டவள்தான். அவளுக்கு நரம்பில் நோய். ஒரு சமயம் கண் மங்கி, தானே தெளிந்தது. பிறகு கால்கள் மரத்தன. குளிர்ச்சியில் கொஞ்ச தூரம் நடப்பாள். வெயில் ஏறினாலோ தூரம் கூடினாலோ கால் பின்னும். தோப்பிலிருந்து திரும்பிய அன்றே வீட்டு வாசலில் விழுந்தாள்.

மாமியார் ஆண்டாயி சாமியிடம் ஓடினாள். மருமகள் ஏதோ பாவத்தை மறைக்கிறாள் என்று அருளினார் சாமி. பாவிக்கு வீட்டில் இடமேது? மகன் அழகேசனுக்கு அரியலூரில் வேறு பெண் பார்த்தாயிற்று. அழகேசன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு நோய் நாக்கில் போலும்.

"இன்னொரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க அத்தை," என்றாள் உண்ணாமலை. "பாவம் எங்க இருக்குன்னு பாத்துடுவோம்."

மறுபடி தோப்பு. மாமியாரும் அழகேசனும் கூட வந்தார்கள். எல்லாரையும்போல் படுத்திருந்தாள். சாமி வருவதற்கு முன்பே எழுந்தாள். திருநீறும் இல்லாமல் உண்டியல் வரை நடந்து, திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். கூட்டம் முணுமுணுத்தது. அருள் பந்தல் முழுக்க நிறைந்திருக்கிறது என்று ஒரு சீடன் சமாளித்தான்.

சாமி வந்தார், பூசினார். உண்ணாமலை நடந்தாள். உண்டியல் வந்ததும் அவர் கை உயர்ந்தது. அவள் நிற்கவில்லை.

"வண்டி வரைக்கும் போறேன். நீங்களும் கூட வாங்க சாமி."

சாமி நிழலைவிட்டு அசையவில்லை. கூட்டம் அவள் பின்னால் வெயிலில் போனது. முதலில் நேராக நடந்தாள். பிறகு இடது கால் மண்ணைக் கீறியது. வண்டியை எட்டுமுன் விழுந்தாள்.

"பாத்தீங்களா, பாவம் பேசுது," என்றார் சாமி பந்தலுக்குள்ளிருந்து.

உண்ணாமலை புழுதியிலேயே உட்கார்ந்து சொன்னாள்: "பந்தல்ல நடந்தவளும் நான்தான், இங்க விழுந்தவளும் நான்தான். உண்டியலத் தாண்டினாத்தான் பாவம் கால்ல ஒட்டிக்குமா சாமி? குளுந்த எடத்துல படுத்துக் கெடந்தா, கொஞ்ச தூரம் நான் தெனமும்தான் நடப்பேன். குணமானவங்க யாராச்சும் இந்த வண்டி வரைக்கும் நடந்து வாங்க, பாப்போம்."

எல்லாரும் ஏலாக்குறிச்சி சவரியாரைப் பார்த்தார்கள். குணமானதற்குச் சாட்சியாக உண்டியலுக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்த்தி வைக்கப்பட்டவர் அவர். சவரியார் வெயிலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அந்தக் குவியல்ல என்னோடது கருவேலங்கோல்," என்றார் மெதுவாக. "யாராச்சும் எடுத்துக் குடுங்கப்பா."

அவ்வளவுதான். நோயாளிகளோடு வந்தவர்கள் ஆளாளுக்குக் கோலைத் தேடிப் பாய்ந்தார்கள்.

ஆண்டாயி மருமகளின் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "டேய் அழகேசா, அவ கோல எடுத்துக்கிட்டு வா. அரியலூர்ப் பொண்ணுக்கு வேற எடம் பாக்கச் சொல்லி ஆள் அனுப்பு."

சாமியைத் தேடினால் காணோம். வேலியைத் தாண்டி, கொதிக்கும் வெயிலில், எங்கும் நிற்காமல் அரியலூர்ச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். அந்தத் தோப்பில் சாமியின் அருளால் கால் வந்தவர் அவர் ஒருவர்தான்.

உண்ணாமலைக்கு நோய் தீரவில்லை. கோலூன்றித்தான் வண்டி ஏறினாள். மற்றவர்களும் அவரவர் கோலை மறக்காமல் எடுத்துப் போனார்கள். கோலோடு சேர்த்துக் காணிக்கை போட்ட புத்தியையும் எடுத்துப் போனார்களா என்பது அடுத்த பந்தல் முளைக்கும்போது தெரியும்.