வேலுவைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை

அச்சில் வந்த எதிலும் குறை இருக்காது என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படி ஏறியவர் யாருமில்லை. கரண்ட் பில்லைக்கூட அப்பா வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் வாத்தியாராகப் போட்டால் என்ன ஆகும்? இதுதான் ஆகும்.

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் ஒரு சின்னத் தனியார் பள்ளி. தற்காலிக வேலை. பிள்ளைகள் ஒரு சிறுவர் நாவலைப் படிக்க வேண்டும். புரிந்து படித்தார்களா என்று நான் தேர்வு வைத்து, விடைத்தாள்களைப் பெற்றோர் வரும் நாளில் காட்ட வேண்டும்.

"அதைப் பாத்துட்டுத்தான் தம்பி உங்களைப் பர்மனென்ட் பண்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அன்றே ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு. ஆவடி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. ஒருவழியாகக் கடைக்காரர் காகிதக் கட்டைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"அல்லாம் கரெக்டா கீது தலீவா, எட்த்துகினு போ."

எடுத்துக்கொண்டு போனேன். பக்கங்களைச் சரிபார்க்கவில்லை. (அச்சையே சந்தேகப்படுவதா?)

முத்தாபுதுப்பேட்டையில் என் வாடகை அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். விடுதியில் தங்கிப் படிக்கும் வேலு என்ற பையன் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறான். பஸ்ஸை விட்டு இறங்கினால் கொட்டுகிற மழை. நிறுத்தத்தில் யாருமில்லை. 'பஸ் போய்விட்டது. மழை விடவில்லை. வேலு நின்றுகொண்டே இருந்தான்.' முற்றுப்புள்ளி. அதற்கப்புறம் காகிதமே இல்லை.

அழுதுவிட்டேன். அந்த மாதம் பள்ளிக்கு வெளியே நான் பேசிய ஒரே மனிதர் மெஸ்காரர்தான். "பார்சலா?" "பார்சல்." இவ்வளவுதான் எங்கள் உரையாடல். அந்த நிலைமையில் இருந்தவனுக்கு, யாரோ தன்னைப் பற்றியே நாவல் எழுதிவிட்ட மாதிரி இருந்தது. முடிவே இல்லாமல் முடிப்பதுதான் உயர்ந்த இலக்கியம் என்று கல்லூரியில் யாரோ சொன்னதும் ஞாபகம் வந்து தொலைத்தது.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடித்த அன்று ஒரு பீரியட் முழுக்கத் தனிமையைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"சார், அவன் ஆட்டோ புட்சி போலாம்ல சார்?" என்றான் ஒருவன்.

தேன்மொழி என்ற பெண் கையைத் தூக்கினாள். "சார், அவங்க அக்கா வரும் சார்."

"வராதும்மா. வாழ்க்கையில யாரும் வர மாட்டாங்க." (பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது?)

தேர்வில் பெரிய கேள்வியே அதுதான்: வேலுவைக் கூட்டிப்போக ஏன் யாரும் வரவில்லை? 'அப்பாவுக்கு நைட் ஷிப்ட்' என்று எழுதியவனுக்குப் பாதி மதிப்பெண் போட்டேன். 'மழையில் டவர் கிடைக்கவில்லை' என்றவனுக்கும் பாதி. தேன்மொழி மட்டும், 'அக்கா குடையோடு வந்தாள். இருவரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். பஜ்ஜியா! என் சோகத்தில் பஜ்ஜியா! பூஜ்யம் போட்டு, 'கதையை ஒழுங்காகப் படி' என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

பெற்றோர் வந்த நாளில் தலைமையாசிரியை என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேன்மொழியின் அம்மா விடைத்தாளை மேசைமேல் வைத்தார்.

"இன்னா சார், எம் பொண்ணுக்கு முட்டை போட்டுக்கிற?"

"கதையில இல்லாததை எழுதியிருக்காம்மா."

"இல்லியா?" பையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே வந்தது. அதே அட்டை. "லைப்ரரில எட்த்தாந்து முழுசா படிச்சிகிது கொயந்த. இந்தா, கடைசி பாடத்த நீயே படி. சத்தமா படி சார், அல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். நான் பார்த்தே இராத ஓர் அத்தியாயம். அக்கா சேற்றில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு ஓடி வருகிறாள். "ரொம்ப நேரம் நின்னியாடா?" என்று கேட்கிறாள். அந்த இடத்தில் என் கண்ணீர் பக்கத்தின்மேல் சொட்டியது. வேலை போய்விடுமே என்ற பயம் அந்த நிமிஷத்தில் எனக்கு இல்லவே இல்லை. அந்தப் பையனுக்கு ஆள் வந்துவிட்டதே, அதுதான்.

"ஐயே, இன்னா சார் அழுவுற? ஒரு முட்டைக்கா?" என்று அந்த அம்மாவே பதறி, பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்.

தலைமையாசிரியை எதையும் கொடுக்கவில்லை. "பர்மனென்ட்டை அடுத்த வருஷம் பாப்போம் தம்பி. அதுவரைக்கும் ஒண்ணாம் கிளாஸ் எடுங்க. அதுல புத்தகம் சின்னது" என்றார்.

அந்த ஞாயிறு அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு ஆளு வந்துச்சா இல்லியா, அதச் சொல்லுடா" என்றாள்.

"வந்துச்சும்மா."

அன்றிலிருந்து செய்யாறு பக்கம் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நான் எப்போது இறங்கினாலும் அப்பா குடையை விரித்துக்கொண்டு நிற்கிறார். சித்திரை வெயிலிலும்தான். "வாத்தியாரே, ஆளு வந்தாச்சு, எழுதிக்கோ!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்துகிறார். கண்டக்டருக்குக்கூடக் கதை தெரியும்.

திரும்பி வந்து ஆவடியில் இறங்கும்போது யாரும் நிற்பதில்லை. தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். (மழை பெய்தால் இரண்டு தடவை.)