தெளிந்த தண்ணீரால் வந்த வினை

வல்லத்திராக்கோட்டை
9-2-1963, சனிக்கிழமை

சர்வேசுரன் துணை

சென்னை ரசாயன சாலையில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை ஞானமணி அவர்களுக்கு, மாமனார் மரியசூசை எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். நீங்களும் மகள் செல்வியும் சுகமென்று நம்புகிறேன்; இல்லாவிட்டாலும் இதைப் படித்துவிட்டுப் பிறகு படுங்கள்.

நம் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு கறுப்பாக வாய்க்காலில் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வழி சொல்லாவிட்டால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள், அடைத்தால் ஷாப்பைப் பூட்ட வேண்டியதுதான் என்று நான் அழுததற்கு, நீங்கள் அழுக்கைப் பிடித்துவைக்கும் என்று ஒரு மூட்டை ரெசின் மணி அனுப்பினீர்கள். பார்க்க மீன்முட்டை மாதிரி இருந்தது. எழுதியபடியே பீப்பாயில் கொட்டி, தோல் ஊறிய உப்புத் தண்ணீரை மேலே ஊற்றினோம். ஆவாரம்பட்டைச் சாயமும் தோலின் அழுக்கும் மணியிலேயே ஒட்டிக்கொள்ள, அடியில் இளநீர் மாதிரி வந்தது. பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான். வாய்க்கால் ஓரத்தில் குடியிருக்கும் மூக்காயி மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். “ஏங்க மொதலாளி, முன்னாடி கறுப்பா ஓடுச்சு, மாடு மோந்து பாத்துட்டு அங்கிட்டுப் போயிரும். இப்ப வெள்ளையா இருக்குன்னு வயிறு முட்டக் குடிச்சிட்டுக் கழியுது. உப்பு அப்பிடியே இருக்கேங்க! எம்மாட்ட ஏமாத்தவா மெட்ராசுலேருந்து மருந்து வாங்குனீங்க?” நிறம்தான் போகும், உப்பு போகாது என்று நீங்கள் எழுதித்தான் இருந்தீர்கள்; நான் அதை மாட்டுக்குப் படித்துக் காட்டவில்லை.

நாலாம் நாள் மணியெல்லாம் கறுத்து, தண்ணீரும் மறுபடி கறுப்பாக வந்தது. அப்படிக் கறுத்தால் மணியைக் கெட்டியான உப்புத் தண்ணீரால் கழுவச் சொல்லியிருந்தீர்கள். நம் மேஸ்திரி சேவுகன் இருபது வருஷமாகத் தோலிலிருந்து உப்பைக் கழுவுகிறவன். “உப்பக் கழுவித்தான் பாத்திருக்கேன், உப்பால கழுவிப் பாத்ததில்லைங்க. மாப்பிள்ளை கைமறதியா எழுதிட்டாங்க” என்று நல்ல தண்ணீரால் இரண்டு நாள் கழுவினான். கிணறுதான் இறங்கியது. இன்று காலை நானே உப்பைக் கரைத்து ஊற்றினேன். நாலு நாள் கறுப்பும் ஒரே மணி நேரத்தில் தார் மாதிரி இறங்கியது. இதை எங்கே கொட்டுவது என்று உங்கள் கடிதத்தில் தேட நான் வீட்டுக்குள் போன நேரம், சேவுகன் வழக்கம்போல வாய்க்காலில் திறந்துவிட்டான். கூட்டத்துக்கு முந்தின நாள்!

அழுக்கு எங்கேயும் போகவில்லை, மாப்பிள்ளை. ஒளிந்திருந்து மொத்தமாக வந்தது. எனக்கு அலுத்துவிட்டது. நாளைக்கு ஷாப்பைப் பூட்டச் சொல்வார்கள். அதற்குப் பிறகாவது ரயிலேறி வந்து உங்கள் மணிகளை அள்ளிக்கொண்டு போங்கள்.

செல்விக்கு என் ஆசீர். உங்களுக்கும் உண்டு, கோபம் தணிந்ததும் தனியாக அனுப்புகிறேன்.

மரியசூசை

பி.கு.: தபாலுக்குப் பிந்திவிட்டது. கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். ஷாப்பு பூட்டவில்லை. மூக்காயி எழுந்து, “கறுப்புத் தண்ணிய நம்பலாம்யா, பாத்தாலே தெரியும். வெள்ளத் தண்ணிதான் ஆபத்து” என்று ஒரு போடு போட்டாள். ஊர் முடிவு இதுதான்: கழிவை வாய்க்காலில் விடாமல் என் மேட்டு நிலத்தில் பாத்தி கட்டிக் காயவைக்க வேண்டும். இனி ஒரு சொட்டுகூடத் தெளியவைக்கக் கூடாது, மீறினால் அபராதம். ஆகையால் இப்போதைக்கு நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். தண்ணீரைத் தெளியவைத்த மருந்தை மெட்ராசிலிருந்து அனுப்பியது யார் என்று மூக்காயி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.