மந்திரித்த கம்ப்யூட்டரும் மானிட்டர் வயரும்

ஒரு விஷயத்தில் ஒன்றுமே தெரியாதவன் நாலு பேரிடம் கேட்டு வாங்குவான். அரைகுறையாகத் தெரிந்தவன் அந்த நாலு பேருக்கும் பாடம் எடுப்பான். 2003-இல் நான் திண்டுக்கல்லில் பலருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். (அப்போது எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.)

அக்கா ஜெசி பி.சி.ஏ. கடைசி வருஷம். பூட்டுக் கடைக்கு பில் போடும் புரோகிராம்தான் அவளுடைய புராஜெக்ட். கல்லூரி லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார இடம் கிடைப்பது, டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பது மாதிரி. வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாம் என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்பா முடிவெடுத்தார். எதை வாங்குவது என்பதை மட்டும் என்னிடம் விட்டார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தும் ஆளை எடைபோடத் தெரியவில்லை.

மதர்போர்டில் பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே நின்று போக்குவரத்தைக் கவனிக்கிற சில்லுக்கு சிப்செட் என்று பெயர். அதில் 845 என்ற ஒரே எண்ணில் இ, ஜி, ஜிஎல், ஜிவி, பிஇ என ஐந்து உருப்படிகள் இருந்தன. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவளாவது அடையாளம் சொல்லிவிடுவாள். இவற்றைப் பெற்ற கம்பெனிக்கே குழப்பம் வந்திருக்கும். எனக்கோ கொண்டாட்டம். பத்திரிகைகளைத் தரையில் பரப்பி, ஒன்றை நீக்கி, மறுநாள் அதையே திரும்பச் சேர்த்து, சோற்றில் கை வைத்தபடி மெமரி வேகம் பேசினேன். அம்மா தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதுமா என்று கேட்டதற்கு, "333" என்று பதில் சொன்னதாக இன்றும் வீட்டில் சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன்.

கடைசிப் போட்டி ஜிக்கும் பிஇக்கும். பிஇ-யில் மெமரி இன்னும் கொஞ்சம் வேகம். ஜி-யில் கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு, பிஇ-யில் இல்லை. கிராஃபிக்ஸ் என்றால் படம், விளையாட்டு. படிக்கிற வீட்டுக்கு அது எதற்கு? பிஇ என்று நான் தீர்ப்புச் சொன்னபோது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமே பிறந்துவிட்டிருந்தது.

சென்னையில் இருந்த பெரியப்பா மகன் ஸ்டீபன் அண்ணனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பட்டியலை ஒப்பித்தேன். கடையில் விசாரித்துவிட்டு மறுநாள் பேசியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிராஃபிக்ஸ் கார்டு தனியா வேணுமான்னு கேக்குறாங்கப்பா."

"வேணாம்ண்ணே. அக்கா புராஜெக்ட் முழுக்க எழுத்துதான். ஒரு பூட்டுப் படம்கூட கெடையாது."

பூத்திலிருந்து நான் வெளியே வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

சாமான்கள் பஸ்ஸில் வந்து இறங்கியது சனிக்கிழமை. திங்கட்கிழமை அக்காவுக்குத் தேர்வு. வெளியூர் ஆசிரியர் முன்னால் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும், அதில் பில் அச்சடிக்கும் பகுதி இன்னும் பாக்கி. நானே எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். ஆனால் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து மந்திரிக்காமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டு சைக்கிள், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாமே தீர்த்தம் தெளித்த பிறகு ஓடியவைதான். அதுவரை மானிட்டரும் அட்டைப்பெட்டியிலேயே இருக்க வேண்டும், தூசி படியுமாம்.

மறுநாள் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. (அப்பா மூன்றாம் ஞாயிறு என்பார். நான் சரிபார்த்துவிட்டேன், நான்காம் ஞாயிறுதான்.) பூசை முடிந்து ஃபாதர் வந்தார். தெருவில் பாதிப் பேர் எங்கள் முன்னறையில். மானிட்டர் மேஜைக்கு ஏறியது, அதன் தலைக்கு மல்லிகைச் சரம் ஏறியது. ஃபாதர் ஜெபித்து, பெட்டியின் மேல் தாராளமாகவே தீர்த்தம் தெளித்தார்.

"போடு அப்பு," என்றார் அம்மா.

மானிட்டர் வயரோடு மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். கீபோர்டுக்கு ஓட்டை இருந்தது. மவுசுக்கு, பிரிண்டருக்கு, ஸ்பீக்கருக்கு எல்லாம் இருந்தது. மானிட்டருக்கு மட்டும் இல்லை. ஜாய்ஸ்டிக் மாட்டுகிற இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன், அது ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு மாமா, "ஏலே, வயரக் கையில வச்சுக்கிட்டு செத்த நேரமா என்னத்தத் தேடுற?" என்றார். அக்கா பொறுக்க முடியாமல் மேஜைக்கடியில் நுழைந்தாள்.

"எங்கடா சொருகணும்?"

"அதான் பாக்குறேன்."

"இதுல கிராஃபிக்ஸ் இருக்கா, இல்லியா?"

"உனக்கு வெறும் எழுத்துதானக்கா..."

"அந்த எழுத்து எதுல வந்துடா தெரியும்?"

இத்தனை மாத ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. திரையில் ஒரு புள்ளி தெரிவதற்கும் கிராஃபிக்ஸ் வேண்டும் என்பது அந்த மேஜைக்கடியில்தான் விளங்கியது.

மேலே அம்மா கவலையோடு, "சாமி, தீர்த்தம் உள்ள போயிருச்சோ?" என்று கேட்பது காதில் விழுந்தது. ஃபாதர் கையிலிருந்த தெளிப்பானைச் சந்தேகமாகப் பார்த்தார். பழியைத் தீர்த்தத்தின் மேலேயே விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது. அக்கா வெளியே வந்து, "தண்ணியெல்லாம் ஒண்ணும் பண்ணல சாமி. இவன் அம்புட்டு மாசமா ஆராஞ்சு, கண்ணில்லாத பெட்டிய வாங்கியிருக்கான்," என்று போட்டு உடைத்தாள். பேச்சு முடிவதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அப்பா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஃபாதர்தான் கேட்டார்: "பங்கு ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்கு. அதுல நீ சொல்ற கார்டு இருக்குமா?"

அங்கியோடு அவர் பைக்கை முறுக்க, ஸ்க்ரூடிரைவரோடு நான் பின்னால். கார்டு இருந்தது, எங்கள் பெட்டிக்கும் பொருந்தியது. திரையில் முதல் வெள்ளை எழுத்து வந்தபோது தெருவே கை தட்டியது. சாயங்காலத்துக்குள் அக்கா பில் அச்சடித்தாள். மறுநாள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். பங்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் இரண்டு வாரம், குருத்து ஞாயிறு வரை, இருட்டில் கிடந்தது. பூசையில் வாசிக்கிற திருமண ஓலையெல்லாம் எங்கள் வீட்டில்தான் டைப் ஆயிற்று.

ஃபாதர் அதன்பின் பல ஊர்களுக்கு மாறிப் போனார். புது பைக்கை யார் மந்திரிக்கக் கொண்டுவந்தாலும், "மொதல்ல ஸ்டார்ட் பண்ணு," என்ற பிறகே ஜெபப் புத்தகத்தைத் திறப்பார் என்று கேள்விப்பட்டேன். நான் வீடு கட்டியபோது அவரையே அழைத்தோம். வாசலிலேயே நின்றுகொண்டு, எல்லா லைட்டையும் போடச் சொன்னார், குழாய்களைத் திறக்கச் சொன்னார், மோட்டார் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் சிலுவை அடையாளம் போட்டார். "இது சபையில புதுச் சட்டமாங்க?" என்று என் மனைவி பயபக்தியோடு என் காதில் கேட்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.