பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு ஈஸ்ட்

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்த ரேகா, பத்தாவது நிமிஷம் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒரு கண்ணாடிக் குடுவையில் அவளுடைய ஈஸ்ட் இருந்தது. குரோமோசோம் தன்னை எப்படி நகலெடுக்கிறது என்று பார்க்க, காலையில் ஆய்வகத்தில் அந்த செல்களையெல்லாம் ஒரே நிலையில் நிறுத்தி வைத்திருந்தாள். அப்போது பார்த்து அம்மா செல்லம்மா போன் செய்து, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றாள். குடுவையோடு பஸ் ஏறி காத்திவாக்கம் வந்தால், நெஞ்சுவலிக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

ஈஸ்ட்டுக்கு நல்ல நேரமெல்லாம் தெரியாது. அதற்குமேல் நிறுத்திவைக்க முடியாமல் வீட்டிலேயே செல்களைக் கிளப்பிவிட்டிருந்தாள். இனிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் எடுத்து ஐஸில் வைத்தே ஆகவேண்டும். ஒரு தடவை தவறினாலும் டாக்டர் பட்டம் கோவிந்தா. நல்லவேளை, அப்பாவின் இறால் பெட்டியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

முதல் தடவை சர்க்கரை எடுக்கப் போனாள் என்று செல்லம்மா சமாளித்தாள். அடுத்த தடவை தலையில் பூ நழுவிவிட்டது என்றாள். மூன்றாவது தடவை மாப்பிள்ளையின் அம்மா வரலட்சுமி, பொண்ணுக்கு வயிற்றில் ஏதாவது கோளாறா என்று கேட்டேவிட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. அவ பெரியப்பா படுத்த படுக்கையா கீறாரு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மருந்து குடுக்கணும்" என்றாள் செல்லம்மா.

அப்படியானால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று வரலட்சுமி எழுந்தாள். இல்லாத பெரியப்பாவுக்கு எங்கே போவது? செல்லம்மா கொல்லை வழியாக ஓடி, பக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த தவசிமுத்துவை இழுத்துவந்து, பின்னறையில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். மனுஷன் முனகிய முனகலில் வரலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் திரும்பிப் போனபிறகும் முனகலை நிறுத்தவில்லை.

ரேகாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்தக் கூத்தைப் பார்த்தபிறகு எவன் பெண் எடுப்பான்? சம்பந்தம் முறிந்தால் படிப்பு பிழைத்தது. கடைசி சாம்பிளையும் நிதானமாக ஐஸில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வரலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு ரொம்பப் பிடித்துவிட்டது, வருகிற ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

ரேகா கையை உருவிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் படிக்கணும்" என்றாள்.

மாப்பிள்ளை தீபன் பெருந்தன்மையாகச் சிரித்தான்.

"தாராளமா படிங்க. எங்க வீட்லயும் தாத்தா படுத்த படுக்கைதான், ஆனா இவ்ளோ தொல்லை இல்ல. அரை மணிக்கு ஒருக்கா திருப்பிப் போட்டா போதும்."